கேள்வி கேட்காத புண்ணியவான்

எங்கள் சிவகிரிக்காரர்களுக்கு நாகரிகம் போதாது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி வழி கேட்கும் புது முகத்தை, "எந்த ஊரு? யாரு வீட்டுக்கு?" என்று விசாரிக்காமல் விடமாட்டார்கள். வலைத்தளம் கட்டும் புண்ணியவானே, நீர் அப்படியா? உம் பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் ஐஃப்ரேமுக்கு எந்த முகவரி வந்தாலும் ஒரு வார்த்தை கேட்காமல் நடுவீட்டில் உட்கார வைக்கிறீர்!

தள முகவரியின் வாலில் எவன் எதை ஒட்டி அனுப்பினாலும் அதை அப்படியே ஐஃப்ரேமுக்குள் போட்டுவிடுகிறீர். 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்க வேண்டியது 'ஜாவாஸ்கிரிப்ட்:' என்று தொடங்கினால்தான் என்ன? அதன் பின்னால் வரும் நிரலை அந்நியமாக நடத்தாமல், உம் தளத்தின் முழு அதிகாரத்தையும் கொடுத்து ஓடவிடுகிறீர். லாகின் செய்திருப்பவர் பெயரில் அது படிக்கும், எழுதும், அனுப்பும். வெளித்தள முகவரி வந்தாலோ இன்னும் விசேஷம். நடுவே போலி லாகின் பெட்டி. மேலே பூட்டுப் படத்தோடு உம் அசல் முகவரி. வாட்ஸ்அப் லிங்கைத் தொட்டுப் பாஸ்வேர்டு தட்டும் எங்கள் ஊர் அக்காவுக்குத் துளி சந்தேகம் வரக்கூடாது என்பதில் எத்தனை கரிசனம்!

உம்மிடம் காவலே இல்லை என்றால் நாக்கு அழுகிப்போகும். 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லைத் தேடி நீக்குகிறீரே! 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளமும் அதைத்தான் செய்துவந்தது. சாமி கம்கார் என்ற இளைஞர் 'ஜாவா'வுக்கும் 'ஸ்கிரிப்ட்'டுக்கும் நடுவே வரியை உடைத்தார். 20 மணி நேரத்துக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் அவருடைய நிரல் தொற்றியது. தளத்தையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அங்கே வாசல் ஐஃப்ரேம் இல்லை, தந்திரம் இதேதான். முகவரிக்குள் வரும் வரி உடைப்பை இன்றைய பிரவுசரும் தானே நீக்கிவிட்டுத்தான் படிக்கிறது. 20 ஆண்டாகியும் அந்தப் பழைய காவலைக் கைவிடாத உம் மரபுப் பற்று வாழ்க.

முகவரியைப் பிரித்துப் பார், 'எச்டிடிபிஎஸ்' தவிர எதையும் ஏற்காதே, பட்டியலில் உள்ள தளங்களை மட்டும் விடு, ஐஃப்ரேமுக்கு 'சாண்ட்பாக்ஸ்' என்ற கட்டுப்பாடு போடு, சில வரிகளில் வேலை முடியும் என்பார்கள் சில கஞ்சர்கள். காதில் வாங்காதீர்.

ஒரே ஒரு விண்ணப்பம். இத்தகைய தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. அந்த அறிக்கையிலாவது உம் தாராள குணத்தைக் குறைத்து எழுதிவிடாதீர்.