கொம்பு வெச்ச சைக்கிள்

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. உக்கார முடியலையா? சரி, நின்னுக்கினே கேளு. சைக்கிள்ல சேவூர் வரைக்கும் போய் வந்ததுக்கே இந்த நடையா?

மெட்ராஸ்ல எவரோ வித்த டிரையத்லான் சைக்கிளை வேன்ல வெச்சு நீ எறக்கின அன்னிக்கு நம்ம தெருவுல பாதித் தறி நின்னுபோச்சு. முன்னால ரெண்டு கொம்பு நீட்டிக்கினு இருந்ததைப் பாத்து உன் பாட்டி, மாட்டுப்பொங்கல் நெனப்புல, குங்குமமே வெச்சிட்டா. "இது இன்னாத்துக்குடா"ன்னு கேட்டேன். "நீந்தணும், சைக்கிள் ஓட்டணும், அப்புறம் ஓடணும் தாத்தா"ன்ன. கோவாவுல 2019-ல நடந்த அரை அயர்ன்மேன் போட்டிக் கணக்கை வேற ஒப்பிச்ச: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். நம்ம கமண்டல நாக நதியில மணல்தானே கீது, அதுல எப்படி நீந்துவேன்னு கேக்க வாயெடுத்தேன். மூணே வாரம். நீச்சலும் போச்சு, ஓட்டமும் போச்சு. இப்ப, "ரோடு பைக்கா மாத்தப்போறேன்"னு ஸ்பேனரைக் கையில வெச்சிக்கினு நிக்கிற. மூணுல ரெண்டைக் கழிச்சவன், கணக்குல கெட்டிக்காரன்தான்.

நான் தறியை வுட்டுட்டு ஏழெட்டு வருஷம் வாடகை சைக்கிள் கடை வெச்சவன்டா. அம்பத்தூர் டி.ஐ. கம்பெனி ஹெர்குலிஸ் எத்தனை என் கையில புரண்டிருக்கும்! அதுல சீட்டுக்குழாய் நல்லாப் பின்னால சாஞ்சிருக்கும். மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உக்காந்து, கேரியர்ல ஒரு மூட்டை ஆரணி அரிசியைக் கட்டிக்கினு போலாம். உன் சைக்கிள் அப்படியா? ராத்திரி நீ தூங்கினப்புறம் உன் போன்லயே எல்லாம் பாத்தேன். சாதாரண ரோடு பைக்குல அந்தக் குழாய் சுமாரா 73 டிகிரியில நிக்குது. உன்னுது மாதிரி சைக்கிள்ல 76, 78-ன்னு செங்குத்தா நிக்குது. ஏன்? ஓட்டுறவன் கொம்பு மேல முழங்கையை ஊணிக் குப்புறப் படுத்துக்கிறான். படுத்தா தொடை வயித்துல இடிக்கும். இடிக்காம இருக்க இடுப்பைத் தூக்கி பெடலுக்கு மேல, முன்னால கொண்டாந்துட்டான். ஒடம்பு பாரம் முழங்கையில. காத்துக்கு மாரைக் காட்டாம போறதுக்குத்தான் இத்தனை வித்தை.

காத்து சாதாரணமா? 1989-ல பிரான்ஸ் நாட்டுப் போட்டியில கடைசி நாள். லெமாண்ட்னு ஒரு அமெரிக்கன் 50 செகண்டு பின்னால கெடந்தான். மீதி 24.5 கிலோமீட்டர்தான். இந்த மாதிரிக் கொம்பை மாட்டிக்கினு படுத்து மிதிச்சான். முன்னால இருந்த ஃபினியோன் கொம்பும் இல்லாம, தொப்பியும் இல்லாம, குடுமி காத்துல ஆட ஆட வந்தான். எட்டு செகண்டுல தோத்தான். பாவம், குடுமியைப் பாத்து ஊரே சிரிச்சிருக்கும்.

இப்ப உன் கதைக்கு வா. கொம்பைக் கழட்டி வளைஞ்ச ஹேண்டில்பாரை மாட்டினா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்கிற. முழங்கை தாங்கின பாரத்தை இனிமே எது தாங்கும்? உள்ளங்கை. களம்பூர் தாண்டறதுக்குள்ள வெரல் மரத்துப்போவும். "சீட்டைப் பின்னால தள்ளுவேன்"னு சொல்லுவ. தள்ளு. அப்ப ஹேண்டில் எட்டாது. அந்த வளைஞ்ச பாரே கையை இன்னும் ஒரு முழுவெரல் முன்னால இழுக்கும். "ஹேண்டிலைப் புடிக்கிற ஸ்டெம்மைக் குட்டையா போடுவேன்." போடு. வண்டி, கயிறு அறுத்த கன்னுக்குட்டி மாதிரி வெடுக்குனு திரும்பும். குழித்தறியில பலகையை நாலு வெரல் பின்னால தள்ளிப் போட்டு நெய்ஞ்சு பாரு, படமரம் எட்டாம எப்படி முதுகு புடிக்கும்னு தெரியும்.

கியர் கதை இன்னும் விசேஷம். உன்னுதுல கியர் கொம்பு நுனியில, பிரேக் வேற இடத்துல. ரோடு பைக்குல ரெண்டும் ஒரே கைப்புடி. சரி, புதுக் கைப்புடி வாங்குவ. பின்னால பத்து பல்சக்கரமா, பதினொண்ணான்னு எண்ணினியா? ஷிமானோ கம்பெனியில பத்துக்கு ஒயர் இழுக்கிற இழுப்பு ஒண்ணு, பதினொண்ணுக்கு வேற ஒண்ணு. எண்ணாம வாங்கினா கியர் ஒண்ணு கேட்டா ஒண்ணரை குடுக்கும். ஹேண்டில் புடிக்கிற இடம் 31.8 மில்லிமீட்டரா, பழைய 26-ஆ, அளந்தியா? பாரும் ஸ்டெம்மும் ஒரே வார்ப்பா வந்திருந்தா ஸ்பேனரைக் கீழ வெச்சிடு, அது கோயில் செலை மாதிரி, பீடத்தை மாத்த முடியாது. அப்புறம் பின் சக்கரத்துக்கும் குழாய்க்கும் நடுவுல எவ்ளோ சந்துன்னு பாரு. என் கட்டைவெரல் நொழையல. நம்ம ரோட்டுல அகலமான டயர் இல்லாம போனா பஞ்சர் ஒட்டற பையனுக்குத்தான் தீபாவளி.

பாவு நீட்டும்போது நீ பாத்திருக்கிற இல்ல? ஊடைக்கு மாம்பழ மஞ்சளும் ஓட்டலாம், மயில் கழுத்தும் ஓட்டலாம், சரிகையைக் கூட்டலாம் கொறைக்கலாம். சேலை அகலம் வேணும்னா? அச்சையே மாத்தணும். உன் சைக்கிள்ல அந்தக் குழாய் சாஞ்ச கோணம்தான் அச்சு. சீட் போஸ்ட்டுல கிளாம்ப்பைத் திருப்பி மாட்டினா கொஞ்சம் பின்னால போவும், இல்லன்னு சொல்லல. 76-ஆ இருந்தா ஏதோ ஒப்பேத்தலாம். 78-ன்னா, கைப்புடிக்கும் ஒயருக்கும் ஸ்டெம்முக்கும் கொட்டற காசுல பழைய ரோடு பைக்கே ஒண்ணு வாங்கிடலாம். தலைகீழா வந்திருந்தா சுலுவு: ரோடு பைக்குல ஒரு ஜோடி கொம்பை மாட்டினா பாதி டிரையத்லான் ஆயிடும். எறங்கு முகத்துல ஏறுறதே உனக்குப் பொழப்பாப் போச்சு.

மொறைக்காதே. நாளைக்குக் காலையில அந்தக் கோணத்தை அளப்போம். கோணமானி உன் தங்கச்சி ஜியாமெட்ரி பாக்ஸுல கீது, கேட்டு வாங்கி வை. வித்தவர் திருப்பி எடுத்துக்குவாரான்னும் ஒரு போன் போடு. ஆனா கொம்பு ரெண்டையும் சேத்துக் குடுத்துடாதே. சாயம் போட்ட நூல் கழி தொங்கவிடக் கொல்லையில மாட்டச் சொல்லி பாட்டி காலையிலேருந்து கேட்டுக்கினு கீறா.