ஐஎம்ஜி 0001 வாழ்க!

படத்துக்குப் பெயர் வைக்கும் பொறுப்பைக் கேமராவிடமே விட்டது மனித குலத்தின் ஆகச் சிறந்த முடிவு. 1998-இல் ஜப்பானியத் தொழில்துறையினர் டிசிஎஃப் என்றொரு விதி வகுத்தார்கள். முன்னால் நான்கு எழுத்து, பின்னால் 0001 முதல் 9999 வரை ஓர் எண். தீர்ந்தது வேலை. நட்சத்திரம் பார்க்க வேண்டாம், நியூமராலஜிக்காரருக்குத் தட்சணை வேண்டாம்.

சமத்துவத்தைப் பாருங்கள். தாலி கட்டியது 0412. பந்தியில் பாயசம் கொட்டியது 0413. மணமகளுக்கும் வாழைமரத்துக்கும் ஒரே மரியாதை. 9999 முடிந்ததும் கேமரா அலட்டிக்கொள்ளாமல் அடுத்த ஃபோல்டரில் மறுபடி 0001 போடும். இரண்டு 0001-களையும் கணினியில் ஒரே இடத்தில் கொட்டினால், பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று அது பணிவாகக் கேட்கும். சரி என்று சொல்லுங்கள். மூத்தவனின் மொட்டை போய் இளையவனின் காதுகுத்து வந்துவிடும். வீட்டுக்கு ஒரு விசேஷம் போதாதா?

இந்த முறையைப் பிரசவ வார்டுக்கும் நீட்டிக்கலாம். தாத்தா பெயரா, குலசாமி பெயரா என்ற சண்டையே எழாது.

சில பிடிவாதக்காரர்கள் மட்டும் தேதி, ஊர், நிகழ்ச்சி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், கேமரா சொன்ன தேதியை அப்படியே நம்பி எழுதினார். அதன் கடிகாரத்தை யாரும் திருத்தியிருக்கவில்லை. இப்போது பேரனின் முதல் பிறந்தநாள், மகனின் கல்யாணத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கிறது. சம்பந்தி வீட்டாருக்கு அந்த ஆல்பத்தை அவர் காட்டுவதில்லை.

ஆகவே சிரமப்படாதீர்கள். ஃபார்மட் என்றொரு வசதி இருக்கிறது. ஒரே அழுத்தில் எல்லாம் ஒழுங்காகிவிடும்.