ஒரிஜினல் சார்

தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் அந்த வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். ஓடுகிற கார் தெருவில், வேப்பமரத்தடியில், காக்கை எச்சத்தோடு நிற்கும். ஓடாத கார் போர்ட்டிகோவில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும். அதுதான் ஒரிஜினல் சார் வீடு.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆனால் எதைக் காட்டினாலும் "இது ஒரிஜினலா?" என்று கேட்கிறவருக்குத் தெரு வேறு என்ன பெயர் வைக்கும்? நெய்யிலிருந்து எதிர்வீட்டு மாப்பிள்ளையின் தலைமுடி வரைக்கும் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை இப்போது அந்தப் பக்கமாக வருவதில்லை.

தார்ப்பாய்க்குள் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களை அவர் பழைய வண்டி ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. "ஜி.பி. ரோட்டுல கால் வெச்சா அதுக்கெல்லாம் சாமான் அள்ளிக் குடுப்பான் சார். அதுல என்ன பெருமை?" என்பார். சாமான் கிடைக்காத வண்டிதான் வண்டி. தவிர, ஹெரால்டு நம்ம ஊர்ப் பிள்ளை. மிக்கலாட்டி என்ற இத்தாலியர் உருவம் வரைந்து, 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் என்ற பெயரில் வந்த அந்தக் கார், 1961 முதல் வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரானது. 948 சி.சி. இன்ஜின். பானெட் மட்டுமல்ல, இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து மொத்த முகமும் முன்பக்கமாகத் திறந்துகொள்ளும். அந்த ஆலையில் கார் உற்பத்தி 1988-ல் நின்றுபோனது. இன்று ஜி.எஸ்.டி. சாலையில் அந்த இடத்தைப் பேருந்து கடக்கும்போது ஒருவர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டால், அவர் கோயிலைப் பார்த்துச் செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவருக்கு உதிரிபாகங்களில் ஜாதிக்கட்டு உண்டு. உச்சியில் இருப்பது டப்பா பிரிக்காத பழைய ஸ்டாக். அதைப் பிரித்து மாட்ட மனசு வராததால் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும். அடுத்தது, புதுப்பேட்டையில் வேறொரு ஹெரால்டிலிருந்து கழற்றியது. துரு இருந்தாலும் குலம் சுத்தம். அதற்கும் கீழே ரீப்ரோ. அதாவது பழைய மாதிரியைப் பார்த்து இப்போது புதிதாக வார்ப்பது. கடைசியில் குரோம்பேட்டை லேத்துப் பட்டறையில் கடைந்தது. வாழ்க்கையின் சோகம் என்னவென்றால், வண்டியில் உண்மையில் ஏறி வேலை செய்வது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டும்தான்.

ரீப்ரோ இங்கிலாந்திலிருந்து வரும். கொண்டுவருவது அங்கே வேலை பார்க்கும் அக்கா மகன். போகும்போது நார்த்தங்காய் ஊறுகாய், வரும்போது ஹெரால்டு சாமான் என்று ஒப்பந்தம். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் சாக்லேட்டுக்குப் பதிலாகத் துண்டில் சுற்றிய வெண்கலக் கட்டி இருக்கும். "இது என்ன?" என்று அதிகாரி கேட்பார். "டிரன்னியன்" என்று பையன் சொல்வான். அதற்குப் பிறகு பேச்சு சீக்கிரம் முடிந்ததாகச் சரித்திரமில்லை.

அந்த டிரன்னியன் முன்சக்கரம் திரும்புவதற்கு அடியில் தாங்கி நிற்கும் மரைக்கட்டி. அதற்கு கிரீஸ் ஆகாது, தொண்ணூறு நம்பர் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். நம்ம ஊர் மெக்கானிக்குக் கண்ணில் நிப்பிள் பட்டால் கை தானாக கிரீஸ் கன்னைத் தேடும். எண்ணெய் இல்லாமல் தேய்ந்துபோனால் ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் கழன்று படுத்துவிடும். இந்த விஷயத்தில் மட்டும் நான் ஒரிஜினல் சார் கட்சி. மெக்கானிக்கின் பின்னாலேயே நின்று அவர் காவல் காப்பதை யாரும் கேலி செய்யக்கூடாது.

மற்றவற்றைத் தாராளமாகக் கேலி செய்யலாம். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே கதவு, மட்கார்டு, பானெட் எல்லாவற்றையும் கையால் லேசாகப் போல்ட் முடுக்கி மாட்டிப் பார்க்க வேண்டும். பின்கதவு இடைவெளியைச் சரிசெய்து, அங்கிருந்து முன்னால் வந்து, கடைசியில்தான் பானெட். இது நியாயமான முறை. இவர் அப்படி மாட்டிப் பார்க்க ஆரம்பித்து மூன்று தீபாவளி போய்விட்டது. வெல்லத்துணுக்கு விழுந்த இடத்தில் எறும்பு வட்டமிடுவதுபோல வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, இடுக்கில் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். "லெஃப்ட்ல மூணு மில்லி, ரைட்ல அஞ்சு."

"சார், வண்டி ஓடணுமா, ஒரிஜினலா இருக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, நான் வேலையைப் பாக்குறேன்" என்பான் டிங்கர் பையன்.

போல்ட் கதை தனி. பழைய வண்டியில் இருப்பது அங்குல மரை. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். கடையில் கிடைப்பது எட்டு மில்லிமீட்டர். பார்வைக்கு அண்ணன் தம்பி. இரண்டு சுற்று ஒழுங்காகப் போகும், பிறகு இறுகும். அப்போதும் ஸ்பேனரை அழுத்தினால் உள்மரை போய்விடும். "ஏங்க, மரை கழண்டது போல்ட்டுக்கா?" என்று உள்ளேயிருந்து வீட்டம்மாள் குரல் வரும்.

கதவு ரப்பர் போட்ட அன்று நானும் இருந்தேன். ரீப்ரோ பீடிங் பழையதைவிடக் கொஞ்சம் தடிமன், கொஞ்சம் முரடு. மாட்டியாயிற்று, கதவு மூடவில்லை. ஒரிஜினல் சார் உள்ளே போய் கோகுல் சாண்டல் டப்பாவை எடுத்துவந்து ரப்பர் முழுக்கப் பவுடர் பூசினார். கதவை அழுத்தி மூடித் திறந்தால் எங்கே இடிக்கிறதோ அங்கே கதவின் விளிம்பில் வெள்ளை ஒட்டும். மேலே ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை, கீழே ஒன்றுமில்லை. கீழே தினத்தாள் துண்டை வைத்து மூடி இழுத்தார். தடையில்லாமல் வந்தது, அதாவது மழைத்தண்ணீரும் அதே வழியில் வரும். கீலைத் தளர்த்தி, ஒரு தகடு கொடுத்து, மறுபடி பவுடர், மறுபடி தாள். சாயங்காலத்துக்குள் கதவு மூடியது. வாசம் மட்டும் கல்யாண வீடு.

இது முன்கதவு. அவருடையது 1968-ல் வந்த மார்க் 3 ரகம், நான்கு கதவு. இங்கேதான் விதி சிரித்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு நான்கு கதவே கிடையாது. உலகத்திலேயே வண்டலூரில் மட்டும்தான் நான்கு கதவு ஹெரால்டு செய்தார்கள். ஆக, பின்கதவுக்கு ரீப்ரோ செய்ய எந்த வெள்ளைக்காரனுக்கும் தலையெழுத்தில்லை. "ஒரிஜினலுக்கே ஒரிஜினல் நம்மதான் சார்!" என்று மார்தட்டிக்கொள்வார். மார்தட்டினால் கதவுப்பிடி வருமா? அதற்காக வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லாவரம் சந்தை. சட்டைப்பையில் வெர்னியர். குப்பலுக்கு நடுவில் எதையோ எடுத்து அளந்து, முகம் மலர்ந்து, "ஹெரால்டு ஹப் கேப்!" என்பார். கடைக்காரர், "சார், அது குக்கர் மூடி" என்பார்.

ரோட்டர் விஷயத்தில் இன்னும் கொடுமை. பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டெல்கோவுக்குள் சுற்றும் அந்தச் சின்னத் துண்டில், ரீப்ரோ ஆசாமிகள் சிலர் ரிவெட் அடித்துவிடுகிறார்கள். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ரிவெட் வழியே தண்டில் இறங்கிவிடுகிறது. புத்தம்புதுசை மாட்டினால் இன்ஜின் போர்ட்டிகோவிலேயே அணைந்துவிடும். டேஷ்போர்டில் கிடந்த பழையதைப் போட்டால் உறுமும்.

ஸ்டாண்டர்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை, ஒருமுறை பெருங்களத்தூரிலிருந்து ஆட்டோ வைத்து அழைத்துவந்தார். வண்டியைக் காட்டி, "ஐயா, ஃபேக்டரியில கதவு கேப் எத்தனை மில்லி வெப்பீங்க?" என்று நோட்டுப்புத்தகத்தோடு நின்றார். பெரியவர் கதவைத் திறந்து மூடி, சத்தத்தைக் கேட்டார். "மில்லியா? கையால தூக்கிப் பாத்து, தட்டி, முடுக்குவோம் தம்பி. இது மூடுதுல்ல? அப்புறம் என்ன?" டிங்கர் பையன் தலைகுனிந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். சிரிப்பை அடக்க வேறு வழியில்லை. என் தீர்ப்பும் பெரியவர் பக்கம்தான்: ரீப்ரோ பொருந்தவில்லை என்று புலம்புகிறவருக்கு, எதுவுமே தானாகப் பொருந்தியதில்லை என்பது தெரியாது. பொருத்தியவன் ஒருவன் இருந்திருக்கிறான்.

2021-ல் மத்திய அரசு, 50 ஆண்டு தாண்டிய, உருவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம் என விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். ஒரிஜினல் சார் வாசித்துக் காட்டியபோது அம்மாள் சொன்னது: "இப்ப மட்டும் அது வேற எங்க போகுது?"

ஆகவே தென்சென்னைப் புறநகர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணிலோ மாடிப்படி அடியிலோ ஹெரால்டு மார்க் 3 இடதுபக்கப் பின்கதவுப் பிடி கிடந்தால், பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் தார்ப்பாய் போட்ட வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். விலையை மட்டும் வாசலுக்கு வெளியே பேசிக்கொள்ளுங்கள்.