குறட்டை வழக்கு: சாட்சிகளும் மௌனமும்

குறட்டை வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர வீட்டில் மற்ற எல்லோரும் நேரடி சாட்சிகள். “நானாவது, குறட்டையாவது!” என்பவர் பொய் சொல்வதில்லை, சம்பவ இடத்தில் அவருடைய உடல் இருந்தது, அவர் இல்லை. ஆகவே பக்கத்தில் படுத்தவரின் வாக்குமூலத்தையே இவ்வாய்வு முதல்நிலை ஆதாரமாகக் கொள்கிறது. ஆனால் அந்தச் சாட்சிகள் இத்தனை காலமும் தவறான பொருளைப் பற்றியே முறையிட்டு வந்திருக்கிறார்கள். அஞ்ச வேண்டியது சத்தத்துக்கு அல்ல, சத்தம் சட்டென்று நின்றுபோகும் இடைவெளிக்கு. இதுவே நமது கருதுகோள்.

நிரூபணம் தொண்டையில் இருக்கிறது. தூக்கத்தில் அங்குள்ள தசைகள் தளர்கின்றன. வழி குறுகினால் காற்று உரசி அதிர்ந்து குறட்டையாகிறது. வழியே அடைபட்டால் சத்தமும் இல்லை, காற்றும் இல்லை. நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்கிப் போராடும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்பும். ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்ப, அவர் புரண்டு படுத்து மறுபடி கீழ்ச்சுருதியில் தொடங்குவார். விடிந்தால் எதுவும் நினைவிருக்காது. 10 விநாடியாவது நீடிக்கும் முழு அடைப்புகளையும் பாதி அடைப்புகளையும் மருத்துவர்கள் சேர்த்து எண்ணுகிறார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் தூக்கத்தில் மூச்சு அடைபடும் இந்த நோய் லேசானது. 30ஐத் தொட்டால் கடுமையானது, அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. “அப்பாடா, ஓய்ந்தது” என்று பக்கத்தில் இருப்பவர் பெருமூச்சு விடும் நேரத்தில், இவருக்கு விடுவதற்கு மூச்சே இல்லை.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் எழும். குறட்டை விடுபவன் கொடுத்துவைத்தவன், அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறான் என்பது முதலாவது. அப்படியானால் அவர் காலையில் வறண்ட வாயோடும் தலைவலியோடும் எழுவானேன்? இரவில் பலமுறை சிறுநீர் கழிக்கப் போவானேன்? பகலில் செய்தித்தாளைப் பிரித்ததும் சாமியாடுவானேன்? மெல்போர்னில் மருத்துவர் மரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் எட்டுச் சூழல்களைச் சொல்லி, தூங்கிவிழ எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கிறது. மொத்த மதிப்பெண் 24, பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். நெரிசலில் சில நிமிடம் நின்ற காரில் தூங்குவீர்களா என்பது அதில் ஒரு கேள்வி. வேடிக்கை அங்கே முடிந்துவிடுகிறது. சாலை விபத்து, மாத்திரைக்கு மசியாத ரத்த அழுத்தம், சீரற்ற இதயத்துடிப்பு, பக்கவாதம் ஆகிய அபாயங்கள் இந்த நோயோடு சேர்ந்தே வருகின்றன.

இரண்டாம் ஆட்சேபம் இதிகாசத்திலிருந்து: கும்பகர்ணனுக்கு என்ன ஆயிற்று? அவனை எழுப்பப் போன அரக்கர்கள் அவன் மூச்சுக்காற்று தள்ளியதால் பெரும்பாடுபட்டே குகைக்குள் நுழைந்தார்கள் என்கிறார் வால்மீகி. அப்படித் தடையின்றிக் காற்று போய்வந்தால் அது அடைப்பில்லாத தொண்டை. ஆகவே கும்பகர்ணன் விடுதலை செய்யப்படுகிறான். மூன்றாவது, இது தொந்திக்காரர் சமாச்சாரம் என்பது. உடல் பருமனும், 40 சென்டிமீட்டரைத் தாண்டிய கழுத்தும் சந்தேகத்தைக் கூட்டும் என்பது சரிதான். ஆனால் உள்வாங்கிய தாடை கொண்ட ஒல்லியானவர், மாதவிடாய் நின்ற பெண், டான்சில் வீங்கிய குழந்தை ஆகியோரும் இந்தப் பட்டியலில் உண்டு.

தீர்வுகளும் உண்டு. 1981இல் சிட்னியின் காலின் சல்லிவன், மூக்கு வழியே காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் அதுவே முதன்மைச் சிகிச்சை. 2006இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 25 பேரை வைத்து, ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ என்னும் நீண்ட ஊதுகுழலைப் பழகுவதன் பலனைச் சோதித்தார்கள். ஊதியவர்களின் பகல் தூக்கம் குறைந்தது, உடன் படுத்தவர்களின் தொல்லையும் குறைந்தது. 2017இல் இந்த ஆய்வுக்கு இக் நோபல் என்னும் வேடிக்கைப் பரிசு கிடைத்தது, அதுவும் அமைதிக்கான பிரிவில்! பக்கத்தில் படுத்தவரின் சாட்சியம் விஞ்ஞானத்தில் செல்லுபடியாகும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். எனவே நம் பரிந்துரை: நள்ளிரவில் விலாவில் இடிப்பதற்கு முன் செல்போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள்; மௌனத்தின் விநாடிகளை எண்ணுங்கள்; மருத்துவரிடம் போகும்போது குற்றவாளியோடு சாட்சியும் போகட்டும். அவரை மட்டும் தனியே அனுப்பினால், நன்றாகத் தூங்குவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்.