அரக்கோட போன ஆயா

வா மருமவனே, குந்து. மூஞ்சி ஏன் பணியாரம் மாதிரி உப்பியிருக்குது? ஆயா அட்டிகைய வித்துட்டு வந்தியாமே. நீ பஸ் ஏர்றதுக்கு முன்னாடியே சேதி திண்ணைக்கு வந்துட்டுது.

மூணு சவரன், மூணு சவரன்னு செஞ்சி பூரா தண்டோரா போட்ட. கடைக்காரன் கல்லப் பேத்து, நெருப்பு காட்டி, உள்ள இருந்த அரக்க வடிச்சிட்டுத் தராசுல வச்சா 15 கிராம். ரெண்டு சவரனுக்கே ஒரு கிராம் கொறையுது! அந்தக் காலத்துப் பத்தர் தகட்ட மெல்லிசாத் தட்டி, நசுங்காம இருக்க உள்ளாற அரக்க ஊத்துவாரு. இத்தினி நாளா ஆயா பாசத்த அந்த அரக்கோட சேத்துதான் நீ எடை போட்டிருக்க. "இதப் போட்டுக்கினுதான் எங்க ஆயா மேல்மலையனூர் மாசித் தேருக்குப் போவும்"னு அழாத கொறையா சொன்னியாம். "அதுக்கு எத்தினி மில்லி போடட்டும்?"னு அவன் கேட்டானாமே! அவன் மேல கோவப்படாத. வாங்கறப்ப செய்கூலி, சேதாரம்னு கேப்பான், விக்கறப்ப மறந்துடுவான். அது அவன் தொழிலு. தேருக்குக் காசு கேட்டது நீ.

அந்தத் தேருக் கதையும் முழுசு இல்ல. நடவுக்கு ஒரு தரம், கெணறு தூர் வார ஒரு தரம், உங்கம்மா கல்யாணத்துக்கு ஒரு தரம்னு அட்டிகை அடகுக்குப் போய்க்கினேதான் இருந்துது. கழுத்துல கெடந்ததவிட வட்டிக்கடைப் பொட்டியில கெடந்த நாளு ஜாஸ்தி. சீட்ட முந்தானையில முடிஞ்சிக்கினு, வெறும் மஞ்சக் கவுத்தோட தேரு பாத்தவ அவ.

பாசத்துக்கும் வெல கேக்கறியே, நம்ம செஞ்சிய ஆண்ட தேசிங்கு ராஜா கதைக்கு வா. ஆற்காட்டு நவாபுக்குக் கப்பப் பாக்கி 70 லட்சம்னு எழுதி வச்சிருக்காங்க. நீ பக்கத்துல இருந்திருந்தா, "குதிரைய வித்துக் கட்டுங்க ராஜா"ன்னு காதக் கடிச்சிருப்ப. டில்லி பாதுஷா லாயத்துல ஒருத்தனுக்கும் அடங்காத குதிரைன்னு பாட்டுல வருதே, அதுக்கும் சேத்து வெல கேட்டிருப்ப. நவாபு ஆளு வாயத் தெறந்து பல்லப் பாத்து, வயசு இத்தினி, வெல இத்தினின்னு சொல்லியிருப்பான். நீ இதே மூஞ்சியோட மலையெறங்கி வந்திருப்ப. நல்ல வேளை, 1714ல நீ இல்ல. அந்தப் புள்ள குதிரையேறிப் போய்ச் செத்தான். நீலாம்பூண்டியில இன்னிக்கும் குதிரை சமாதி காட்டறாங்க. குதிரை பேருதான் தகராறு. நீலவேணிங்கறான் ஒருத்தன், பாராசாரிங்கறான் இன்னொருத்தன்.

சரி, பேத்தெடுத்த கல்லு எங்க? பொட்டலம் கட்டிக் குடுத்தானா? இப்பிடி காட்டு. செவப்பு... ஒம்பது இருக்குது. மூலையில ஒண்ணு ஒடஞ்சிருக்குது பாரு, அது நான் நாலு வயசுல மடியில ஒக்காந்து கடிச்சது. அடி வாங்கனது இன்னும் முதுகுல இருக்குது. இந்தக் கல்லுங்க அஞ்சு காசு பெறாதுன்னுதான சொன்னான்?

அப்ப மாமன்கிட்ட குடுத்துட்டுப் போ. உனக்கு என்ன நட்டம்?