பெரியப்பாவுக்கு, வீக்கத்தைப் பற்றி

ட்ரேசி, கலிஃபோர்னியா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வீடியோ காலில் என் வலது கையைப் பார்த்துவிட்டு, "இன்னாடா அது, எவன்கிட்ட அடி வாங்கின?" என்று கேட்டீர்களே, அப்போது சிக்னல் ஒன்றும் போகவில்லை. நான்தான் வைத்துவிட்டேன். உங்களுக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் கார் கதவில் நசுங்கியது என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள். நடந்ததை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சாயங்காலத்துக்குள் பள்ளிப்பட்டு, நகரி வரைக்கும் போய்விடும். அதனால்தான் தபால்.

நான் கம்பு கற்றுக்கொள்கிறேன்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். ஆமாம், நீங்கள் கம்பைக் கையில் கொடுத்தவுடன் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்த அதே பையன்தான். ஆனால் இது நம் கம்பு இல்லை, பிலிப்பைன்ஸ்காரர்களுடையது. நெற்றி உயரமெல்லாம் கிடையாது. இரண்டேகால் இரண்டரை அடிப் பிரம்பு. எஸ்க்ரிமா, அர்னிஸ், காளி என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். (காளி என்றதும் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம், அம்மனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) அவர்கள் நாட்டில் 2009இல் சட்டமே போட்டு இதைத் தேசிய விளையாட்டாக்கிவிட்டார்கள். நம் சிலம்பத்தை 2024 ஜனவரியில் சென்னையில் கேலோ இந்தியா நடந்தபோது 'காட்சி விளையாட்டு' என்று சேர்த்ததற்கே நீங்கள் டிவியைப் பார்த்துத் திட்டிய திட்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஏன் இந்த வயதில் என்பீர்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். விடியுமுன் ரயில் ஏறி சான் ஹோசே போய், உட்கார்ந்தே வேலை பார்த்து, உட்கார்ந்தே திரும்பி வருகிறேன். ஜிம்மில் சேர்ந்தேன், அங்கே ஓடுகிற பெல்ட்டின் மேல் நின்றுகொண்டு எதிரே உள்ள சுவரைப் பார்க்க வேண்டும். அந்தச் சுவரை இன்றைக்குக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன். அப்போதுதான் இந்த ஊர்ச் சங்கதி தெரியவந்தது. நீங்களும் அப்பாவும் திருத்தணிக் கொட்டகையில் 'எண்டர் தி டிராகன்' பார்த்தீர்களே, அதில் புரூஸ் லீ இரண்டு குட்டைக் கம்பை வைத்துக்கொண்டு அடிப்பாரே, அந்த வித்தைக்கு அமெரிக்காவில் தாய்வீடு என் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிறது. ஸ்டாக்டன் என்ற ஊர். புரூஸ் லீக்கு ஆயுதப் பாடம் சொன்ன டான் இனோசான்டோ 1936இல் அங்கேதான் பிறந்தார்.

நம்மைப்போலப் பிழைக்க வந்தவர்கள்தான் இந்த வித்தையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம்மைப்போல என்று சொல்வதுகூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் லேப்டாப்போடு வந்தவன். அவர்கள் 1920களிலும் 30களிலும் அஸ்பாரகஸ் என்று ஒரு குருத்து அறுக்க வந்த கூலிகள். நாள் முழுக்கக் குனிந்தே அறுக்க வேண்டும். ஊருக்குள் வந்தால் ஹோட்டல் வாசலில் 'பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அனுமதி இல்லவே இல்லை' என்று போர்டு. வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டவும் சட்டம் விடாது. கம்பை வெளியாள் கண்ணில் காட்டாமல் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஏஞ்சல் கபாலெஸ் என்பவர் 1966இல் ஸ்டாக்டனில் கதவைத் திறந்துவைத்து, யார் வந்தாலும் சொல்லித்தருகிறேன் என்றார். லியோ கிரோன் என்று இன்னொருவர், இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் பிடித்திருந்த காட்டுக்குள் அரிவாளோடு திரிந்தவர், 1968இல் நான் இருக்கும் இதே ட்ரேசியில் ஆரம்பித்தார். அந்தக் கூலிகள் ஸ்டாக்டனில் குடியிருந்த 'லிட்டில் மணிலா' தெருக்களைப் பின்னால் நெடுஞ்சாலை போடுவதற்காக இடித்துத் தள்ளிவிட்டார்கள். வகுப்புக்கு நான் கார் ஓட்டிக்கொண்டு போவது அந்த நெடுஞ்சாலையில்தான்.

இவ்வளவு சரித்திரம் உள்ள இடத்தில் வகுப்பு கிடைப்பது சுலபம் என்றுதான் நினைத்தேன். முதலில் போன இடம் கண்ணாடிக் கட்டிடம், உள்ளே ஏசி. கராத்தே, குத்துச்சண்டை, எடைக்குறைப்பு எல்லாவற்றோடும் இதுவும் 'பேக்கேஜில்' உண்டு என்றார்கள். ஒரு வகுப்பு பார்க்கட்டுமா என்றால், முதலில் ஒரு வருஷத்துக்குக் கட்டச் சொன்னார்கள். அடுத்தது ஒருவருடைய கார் கொட்டகை. அங்கே எல்லோரும் பத்து வருஷப் பழைய ஆட்கள். புதிதாக வருகிறவன் எதற்கு என்பது போகப்போகத்தான் புரிந்தது, அவர்களுக்கு அடித்துப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. கடைசியில் பிலிப்பைன்ஸ் ரொட்டிக் கடையில் பன் வாங்கும்போது கல்லாவில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். "என் கொழுந்தன் சொல்லித்தருகிறான், சர்ச் ஹாலில், சனிக்கிழமை" என்றாள். நீங்கள் சொல்வீர்களே, வாத்தியாரைப் பார்க்காதே, அவருடைய வாத்தியார் யார் என்று கேள் என்று. கேட்டேன். அவர் மூன்று தலைமுறைக்குப் பெயர் சொன்னார். பழைய மாணவர்களின் கையையும் பார்த்துக்கொண்டேன். விரல்கள் எல்லாம் இருந்தன.

ஆனால் பிரம்பு எடுப்பதற்கு முன்னால் பாரம் எடுத்தார்கள்.

வெய்வர் என்று பெயர். வாசலிலேயே டேப்லெட்டை நீட்டி, விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இங்கே எனக்குக் காயம் படலாம், ஊனம் ஆகலாம், மரணம் வரலாம். மரணம் மட்டும் நாலு இடத்தில் வருகிறது. வந்தால் நானோ, என் மனைவி மக்களோ, வாரிசுகளோ, உறவினர்களோ வழக்குப் போட மாட்டோம். பெரியப்பா, உறவினர் என்றால் நீங்களும்தான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் திருவள்ளூர் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், உங்களையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு பத்தி ஓரத்திலும் இனிஷியல் கேட்டார்கள். நான் பழக்கத்தில் அப்பாவின் எழுத்தைப் போட, அது செல்லாது என்று மறுபடி முதலிலிருந்து.

அதோடு முடியவில்லை. சும்மா பார்க்க வந்த உங்கள் மருமகளும் போட வேண்டும், பிரம்பு கைநழுவிப் பறந்து வரலாமாம். அவள் காரில் ஏசி போட்டுக்கொண்டு முழுவதையும் உரக்கப் படித்தாள். முடித்ததும் கேட்ட ஒரே கேள்வி, "இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டியாச்சா?" பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவுக்கும் தனி பாரம். ஒரு சனிக்கிழமை ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிட்டோம். மேசையில் ஒரு காகிதம் இருந்தது. பேனாவை எடுத்து மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பார்த்தால் அது எந்தப் பதார்த்தத்தில் வேர்க்கடலை இருக்கிறது என்ற பட்டியல். ஆடிக் கிருத்திகைக்கு நீங்கள் இரண்டு முனையிலும் தீ வைத்துச் சுற்றும்போது கைக்கெட்டும் தூரத்தில் அத்தனை வாண்டுகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே, அதை வாத்தியாரிடம் சொன்னேன். "யார் கையெழுத்துப் போடுவார்கள்?" என்றார்.

இன்னொரு கூத்து. பாரத்தில் 'கடைசிப் பெயர்' என்ற இடத்தில் அப்பா பெயர்தானே இருக்கிறது, இங்கே எல்லோரும் அதைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள். "கையைத் தூக்கு! காலைப் பார்!" என்று ஹால் அதிர அப்பாவுக்கு அதட்டல் விழுகிறது. கம்பு சுற்றுகிற பக்கமே போகாத மனுஷன். அவர் போனதற்கப்புறம் அந்தப் பெயரை இப்படி வாய்நிறையக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நீங்கள் ஒருவர்தான் கூப்பிடுவீர்கள்.

சரி, வீக்கம். அடி வரும் திசைக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் வைத்திருக்கிறார்கள். அவர் எண்ணைச் சொன்னதும் நாம் தடுக்க வேண்டும், சும்மா இருக்கிற கையும் சும்மா இருக்கக்கூடாது. முதல் பாடமே பாம்பின் பல்லைப் பிடுங்குவது: எதிராளியின் தலையைத் தேடாதே, ஆயுதம் பிடித்த கையை அடி, அவனே போட்டுவிடுவான். ஹால் மூலையில் நாற்காலி போட்டு ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். அவருடைய அப்பா அஸ்பாரகஸ் வயலில் கிடந்தவர். குழந்தைகள் போய் அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்ளும், அவர்கள் ஊர் ஆசீர்வாதம். எனக்குக் கையெல்லாம் போதாதே. விழுந்து கும்பிடலாம் என்று குனிந்து காலை நோக்கிக் கையை நீட்டினேன். முழங்காலுக்குக் கீழே அடி வருகிறது என்று அந்த எண்பது வயது உடம்பு முடிவு செய்துவிட்டது. பிரம்பு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. அப்புறம் விஷயம் தெரிந்து அவரே ஐஸ் கொண்டுவந்து வைத்து, அதே கையால் ஆசீர்வாதமும் பண்ணினார். எவன்கிட்ட அடி வாங்கினாய் என்றால், பெரியவரிடம். நல்ல அடி.

உங்களிடம் பெருமை அடித்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. இரண்டு கையிலும் பிரம்பு பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக எதிராளியோடு மாற்றி மாற்றித் தட்டுவது, சினவாலி என்பார்கள். எல்லோரும் அதில் திணறுகிறார்கள். எனக்கு வந்துவிட்டது. தறியில் நாடா போய் வருகிற மாதிரி, எண்ணாமல் விட்டால் கை தானே போகிறது. பிரம்போடு பிரம்பு மோதி மோதிக் கருகல் வாசனை வரும்வரை தட்டினோம். வாத்தியார் நிறுத்தி, முன்பே பழக்கமா என்றார். "தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பத்துக்கு இதுதான் தொழில்" என்றேன். பொய்யா? இப்போது ஹாலில் எல்லோரும் நம் பொதட்டூர்பேட்டையை ஏதோ போர்வீரர்கள் ஊர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். லுங்கி நெய்கிற ஊர் என்று நான் சொல்லவில்லை. இங்கே வீட்டில் ராத்திரி சத்தமே கிடையாது பெரியப்பா, ஃபிரிட்ஜ் மட்டும்தான். விசைத்தறி நின்றால் விழித்துக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

எப்போது வருகிறாய் என்று கேட்காதீர்கள். வந்தால் விசா முத்திரைக்குக் கான்சுலேட்டில் தேதி கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வேன், இங்கே வேலை போகும். கிரீன் கார்டு வரிசையில் என் முறை வருவதற்குள் பாப்பா கல்யாணத்துக்கு நிற்பாள். அந்தக் கூலிகளுக்குப் போர்டு மாட்டிச் சொன்னார்கள், எனக்கு மெயிலில் மரியாதையாகச் சொல்கிறார்கள்.

ஒரு உதவி. ஹால் மூலைத் தாத்தாவுக்கு உங்கள் கம்பைப் பார்க்க வேண்டுமாம். இந்த ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் சுற்றும்போது அக்கா பையனை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். போனைப் படுக்கவைத்துப் பிடிக்கட்டும்; போன தடவை அனுப்பியதில் பாதி அவன் கட்டைவிரல். கால் கட்டாயம் தெரிய வேண்டும், தாத்தா காலைத்தான் பார்ப்பார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பெரியம்மா குறுக்கே வந்து காபி கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்