கரந்தைக்குத் தனி லெவல் உண்டா?

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிற பையன்கள் பஸ்ஸில் எதைப் பற்றிச் சண்டை போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? சம்பளமா, சினிமாவா? இல்லை. ‘நான் அடிச்சா அவன் சும்மா நிக்கிறான், அவன் அடிச்சா நான் சும்மா நிக்கிறேன். இதெல்லாம் ஒரு ஃபைட்டாடா மச்சான்?’ என்கிறான் ஒருவன். ‘உன் எல்டன் ரிங் மட்டும் என்னவாம்? ஆடி மாசத்து அங்கப்பிரதட்சணம் மாதிரி உருண்டுக்கிட்டே கெடக்க வேண்டியதுதானே’ என்கிறான் இன்னொருவன். கண்டக்டர் டிக்கெட் கேட்டது இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

இந்த வீடியோ கேம் பஞ்சாயத்து 2022இல் எல்டன் ரிங் வந்தபோதோ, 2023இல் பால்டர்ஸ் கேட் 3 வந்தபோதோ ஆரம்பித்தது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். கொஞ்சம் படித்தவர்கள் 1974க்குப் போவார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போட்ட வருஷம். நம் ஊர்ப் புலவர்கள் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்கள் இதே சண்டையை ஆயிரம் வருஷத்துக்கு மேல் போட்டார்கள், அதுவும் ஒரு தடவைகூட கன்ட்ரோலரைத் தொடாமல்.

தொல்காப்பியத்தில் புறத்திணையியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, மறுநாளே மறந்து தொலைத்திருப்பீர்கள். பயப்படாதீர்கள், அது ஒரு கேம் மேனுவல். அடுத்தவன் மாட்டை ஓட்டிவரப் போகிறாயா? வெட்சிப் பூவை வை. போன மாட்டை மீட்கப் போகிறாயா? கரந்தை. நாடு பிடிக்க வஞ்சி, கோட்டையை வளைக்க உழிஞை, உள்ளே இருந்து காக்க நொச்சி. மைதானத்தில் நேருக்கு நேர் என்றால் தும்பை. ஜெயித்தால் வாகை. யோசித்துப் பாருங்கள், ராத்திரியில் சத்தமில்லாமல் மாடு திருடப் போகிறவன் தலையில் செக்கச்செவேல் என்று பூ வைத்துக்கொண்டு போகிறான்! ஸ்டெல்த் மிஷனுக்கு யூனிஃபார்ம் தைத்த இனம் உலகத்திலேயே நாமாகத்தான் இருப்போம்.

இது போதாதென்று, பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அடிப்பதற்கு முன்னால் அனவுன்ஸ்மென்ட் வேறு கொடுப்பானாம். பசுக்கள், அந்தணர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை இல்லாதவர்கள் எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று. புறநானூற்றில் நெட்டிமையார் சொல்கிறார். மாட்டுக்கு இது எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள். நெட்டிமையார் பாண்டியனை வாழ்த்திப் பாடுகிற ஆள். மாடுகளின் பேட்டி கிடைக்கவில்லை.

‘எல்லாம் புலவர்கள் கட்டிவிட்ட கதைதானே?’ என்று கிளம்பாதீர்கள். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் நடுகற்கள் சிலவற்றைக் கண்டுபிடித்தார்கள். தமிழி எழுத்து, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. அதில் ஒன்றில் ‘ஆகோள்’ என்றே வெட்டியிருக்கிறது. தொல்காப்பியம் மாடு ஓட்டுவதற்குச் சொல்லும் அதே வார்த்தை. ஆக, மேனுவலும் உண்மை, மாடும் உண்மை. பூ வைத்துக்கொண்டு போனானா என்பதை மட்டும் கல் சொல்ல மறுக்கிறது.

சரி, சண்டை எங்கே வந்தது? எடிஷனில் வந்தது.

தொல்காப்பியர் கணக்கில் புறத்திணை ஏழு. மாட்டை ஓட்டினாலும் மீட்டாலும் எல்லாம் வெட்சிக்குள்ளேயே அடக்கம். கோட்டையை வளைத்தாலும் காத்தாலும் உழிஞை. கச்சிதமான சிஸ்டம். நமக்குக் கச்சிதம் பிடிக்குமா? அகத்தியருடைய மாணவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து எழுதியதாகச் சொல்லப்படும் பன்னிரு படலம் வந்தது. அதன் வழியில் ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலை எழுதினார். கரந்தைக்குத் தனி லெவல், நொச்சிக்குத் தனி லெவல், திணை பன்னிரண்டு. இதில் காஞ்சியின் கதைதான் பரிதாபம். தொல்காப்பியத்தில் அது உலகம் நிலையாதது என்று சொல்லிக்கொண்டிருந்த சாமியார். புது எடிஷனில் கையில் வேலைக் கொடுத்து, வஞ்சிக்காரனை எதிர்த்து நில் என்று எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த அப்டேட்டிலும் இப்படி ஒரு ஆளின் கிளாஸை மாற்றியதில்லை.

உரையாசிரியர் இளம்பூரணருக்கு இது பொறுக்கவில்லை. பன்னிரு படலத்தில் வெட்சிப் படலத்தை எழுதியவரே தொல்காப்பியர்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. அது பொருந்தாது என்று அடித்துச் சொல்லிவிட்டார் மனிதர். காரணம் என்ன தெரியுமா? மன்னன் அனுப்பிப் போகிற மாட்டு வேட்டை, தானாகவே கிளம்பிப் போகிற மாட்டு வேட்டை என்று பன்னிரு படலம் வெட்சியை இரண்டாகப் பிரிக்கிறது. தொல்காப்பியர் மன்னன் அனுப்பினால்தான் வெட்சி என்கிறார். அதாவது மெயின் குவெஸ்ட் மட்டும்தான் செல்லும், சைட் குவெஸ்ட்டை எந்தப் பயல் உள்ளே சேர்த்தான் என்பது வழக்கு. வாதி, பிரதிவாதி இருவருமே வாழ்க்கையில் ஒரு மாட்டையாவது ஓட்டியிருப்பார்களா என்பது சந்தேகம்.

இனி பில்டுக்கு வருவோம். எந்தப் பாயின்ட்டை எதில் போடுவது என்பதில் நம் வள்ளல்கள் செய்த கூத்து இருக்கிறதே!

பறம்பு மலைப் பாரி எல்லாப் பாயின்ட்டையும் ‘கொடை’யில் கொட்டிவிட்டான். ஓட்டிவந்த தேரை முல்லைக்கொடிக்குக் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போனான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். மயிலுக்கு ஏற்கெனவே ஆண்டவன் ஒரு போர்வை கொடுத்திருந்தான் என்பதைப் பேகனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இந்த பில்டோடு மூவேந்தர் முற்றுகை வந்தால் பாரி கதி என்னவாகும் என்கிறீர்களா? அங்கேதான் அவன் நண்பரான புலவர் கபிலர் நுழைகிறார். மூன்று ராஜாக்களிடமும், உங்கள் படையை வைத்துப் பறம்பைப் பிடிக்க முடியாது, யாழைத் தூக்கிக்கொண்டு விறலியரோடு ஆடிப் பாடி வாருங்கள், அவனே மலையோடு நாட்டையும் கொடுத்துவிடுவான் என்கிறார். நண்பனின் வீக்னெஸை எதிரியிடம் பெருமையாகச் சொன்ன முதல் ஆள்.

அதோடு விட்டாரா? பறம்பு நாட்டில் ஊர் முந்நூறு, முந்நூறையும் பரிசு கேட்டு வந்தவர்கள் ஏற்கெனவே வாங்கிப் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பது நானும் பாரியும் இந்தக் குன்றும்தான் என்று இன்னொரு பாட்டில் சொல்கிறார். மூன்று பேரரசர்கள் யானை, குதிரை, தேர் எல்லாம் கட்டிக்கொண்டு வந்து வளைத்து நிற்பது யாரை? ஒரு ராஜாவையும் ஒரு கவிஞரையும். லூட் எல்லாம் காலி.

ஆயுதம் சேர்ப்பவர்களைப் பற்றி ஔவை சொன்னதையும் கேளுங்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். தொண்டைமான் பெருமையோடு ஆயுதசாலையைத் திறந்து காட்டுகிறான். எல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபள என்று நிற்கின்றன. ஔவை ரசித்துப் பார்த்துவிட்டு, எங்கள் ஆளுடைய வேல் எல்லாம் நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறதே என்கிறார். பாராட்டா, திட்டா என்று தொண்டைமானுக்குப் பிடிபட எத்தனை நாள் ஆனதோ! இன்வென்டரியில் லெஜன்டரி வாளை வைத்து அழகு பார்த்துக்கொண்டே, கடைசி வரை முதல் லெவல் கத்தியால் சண்டை போடுகிறவர்கள் இந்தப் பாட்டை ஃபிரேம் போட்டு மாட்டலாம். அந்த அதியமானும் சும்மா இல்லை. ஆயுள் நீட்டும் நெல்லிக்கனி கிடைத்ததும் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்துவிட்டான். பிறகு சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வந்து அவன் ஊரான தகடூரை முடித்தபோது பொட்டலத்தில் போஷன் இல்லை.

சாகாவரம் பற்றிச் சொன்னதும் ரிச்சர்ட் கேரியட் ஞாபகத்துக்கு வருகிறார். அல்டிமா கேமைக் கட்டிய அமெரிக்கர். தான் கட்டிய உலகத்துக்குத் தானே ராஜாவாகி ‘லார்டு பிரிட்டிஷ்’ என்ற பெயரில் ஆண்டவர். சாகவே மாட்டார், செட்டிங் அப்படி. 1997 ஆகஸ்டில் அல்டிமா ஆன்லைன் சோதனை ஓட்டத்தில் ராஜா தரிசனம் தந்தார். சர்வர் விழுந்து எழுந்ததில் சாகாவரத்தைத் திரும்ப ஆன் செய்ய மறந்துபோனார். ரெய்ன்ஸ் என்ற பெயரில் ஆடிய ஒருவர் சும்மா ஒரு நெருப்பு மந்திரத்தை விட்டார். ராஜா குளோஸ். பூமியில் கௌரவம் போனதாலோ என்னவோ, 2008இல் காசு கொடுத்து விண்வெளிக்குப் போய்விட்டு வந்தார்.

நம் ஆள், சேர மன்னன் பெருஞ்சேரலாதனுக்கு அந்த வசதி இல்லை. வெண்ணிப் போரில் கரிகாலன் மார்பைக் குறிவைத்து எறிந்த வேல் முதுகு வழியாக வெளியே வந்துவிட்டது. இங்கேதான் ஹிட்பாக்ஸ் பிரச்சினை. முன்னால் வாங்கினால் விழுப்புண், ஹீரோ. பின்னால் வாங்கினால் புறப்புண், ஜீரோ. முன்னால் நுழைந்து பின்னால் வந்தால்? நியாயமான எந்த அம்பயரும் முன்பக்கக் கணக்கில்தான் எழுதுவார். சேரனுக்கு மனசு ஒப்பவில்லை, வடக்கிருந்து, பட்டினி கிடந்து உயிரை விட்டான்.

கரிகாலன் வெற்றிக் களிப்பில் உட்கார்ந்திருக்கிறான். பாராட்டுப் பாட வந்தவர் வெண்ணிக் குயத்தியார். குயத்தி என்றால் பானை வனையும் குலத்துப் பெண் என்பது விருத்தாசலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த அம்மா முதலில் கரிகாலனின் முன்னோர் பெருமை, யானைப் பெருமை எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். ராஜா தலையாட்டியிருப்பான். கடைசியில், ஜெயித்தது நீதான், ஆனால் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே, அவன் உன்னைவிட நல்லவன் இல்லையா என்று ஒரு போடு போட்டார். விக்டரி ஸ்கிரீனில் தோற்றவன் பெயர் மேலே வந்த ஒரே கேம் அது. பீங்கான் பொம்மை செய்கிற ஊர்க்காரர்கள் கொலு செட்டில் இந்த அம்மாவுக்கு ஒரு படி ஒதுக்கலாம்.

எழுத்து நன்றாக இருக்கிற கேம் எது என்று அடித்துக்கொள்கிறார்களே, அந்தக் காலத்தில் எழுத்தாளர் சம்பளம் என்ன என்று யாராவது கேட்டார்களா? தகடூரை முடித்த சேரனைப் பாடிய அரிசில் கிழாருக்கு ஒன்பது லட்சம் பொன்னும் சிம்மாசனமும் என்கிறது பதிற்றுப்பத்தின் பதிகம். மனிதர் புத்திசாலி, சிம்மாசனம் வேண்டாம், நீயே ஆளு என்றார். சம்பளம் குறைந்தால்? புலவர் பெருஞ்சித்திரனார் கதையைப் பாருங்கள். வெளிமான் என்ற தலைவனின் தம்பி அற்பமாக ஏதோ கொடுத்தான். வாங்க மறுத்து நேரே வள்ளல் குமணனிடம் போனார், யானை வாங்கினார், அதை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்து தம்பியின் காவல் மரத்திலேயே கட்டினார். ஒரு ஸ்டார் ரிவ்யூ பார்த்திருப்பீர்கள். தும்பிக்கையோடு வந்த ரிவ்யூ இது ஒன்றுதான்.

அதற்காக ஹீரோ என்றால் ராஜாதான் என்று நினைத்துவிடாதீர்கள். எடத்தனூரில் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் செத்த வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. பெயர் கோவிவன், கள்ளர் இருவரைக் கடித்த பெருமை கல்லிலேயே இருக்கிறது. கேமில் கம்பானியன் நாய்க்குப் பேர் வைக்கிற பழக்கத்தைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று இனி எவனும் மார் தட்ட முடியாது. எங்கள் பழைய தென்னார்க்காட்டு அரசலாபுரத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், சண்டைச் சேவலுக்கே நடுகல் எடுத்திருக்கிறார்கள். பில்டு பற்றி அந்தச் சேவல் எவரோடும் விவாதித்ததாகத் தகவல் இல்லை.

விருத்தாசலம் என்று ஆரம்பித்துவிட்டு சுந்தரரை விட்டால் மணிமுத்தாறு மன்னிக்காது. திருமுதுகுன்றம் என்ற இதே ஊரில் சிவபெருமானிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார் மனிதர். வாங்கியதும் அடுத்த கோரிக்கை: இதைத் திருவாரூரில் கொடுத்தால் அந்த ஊர்க்காரர்கள் அசந்துபோவார்கள். பக்தரோ இல்லையோ, சீன் போடுகிற ஆசை யாரைத்தான் விட்டது! ஆற்றில் போடு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. உலகத்தின் முதல் ஷேர்டு ஸ்டாஷ். ஆனால் சுந்தரர் கெட்டிக்காரர். போடுவதற்கு முன், பிறகு உரசிப் பார்க்க ஒரு துண்டு பொன்னை மச்சமாக வெட்டி மடியில் வைத்துக்கொண்டார். கடவுளே ஆனாலும் க்வாலிட்டி செக் உண்டு.

ஆரூரில் குளத்தில் இறங்கித் துழாவினால் ஒன்றும் இல்லை. கரையில் நின்ற பரவையார், ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறீரே என்று சிரித்துவிட்டார். பெண்டாட்டி முன்னால் லோடிங் ஸ்கிரீன் நின்றுபோன கொடுமை! ஒரு பதிகம் பாடினார், பொன் வந்தது. மச்சத்தோடு உரசிப் பார்த்தால் மாற்றுக் குறைவு. மறுபடி பாடினார், மாற்றுச் சரியானது. பக் ரிப்போர்ட் போட்ட கையோடு சரிசெய்து கொடுத்த டெவலப்பரை அதற்குப் பிறகு நான் கேள்விப்படவில்லை.

இப்போது கேமில் பக் வந்தால் என்ன செய்வது? அதற்கும் விருத்தாசலத்தில் வழி இருக்கிறது. பக்கத்திலேயே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். குறையை மனுவாக எழுதிப் பிராது கட்டலாம், சாமி விசாரித்துத் தீர்ப்பார். தூரத்தைக் கணக்குப் பார்த்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று படிப்பணம் கட்டவேண்டும். எல்டன் ரிங்காரன் டோக்கியோவில், பால்டர்ஸ் கேட்டுக்காரன் பெல்ஜியத்தில். எதிர்வாதி ஊர் வரைக்கும் கணக்குப் போட்டால் பெல்ஜியம்காரன் மேல் பிராது கட்ட எவ்வளவு ஆகும் என்று மேப்பைத் திறந்து பார்த்துக்கொண்டு போங்கள். கொளஞ்சியப்பருக்குக் கடன் சொல்லக்கூடாது.